சாயாத வண்டிக்கு ஒரு டிரெய்லர்

என் மனைவிக்கு மூன்று சக்கர ஸ்கூட்டர் வந்த அன்றே அதன் மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. ஒரு வண்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? மிளகுக் கொடிகளுக்கு நடுவில் நின்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். கேட்கவே கேவலமாக இருந்தது. ஆனாலும் அது போகவில்லை.

அவள் நாமக்கல் பக்கத்துப் பெண். கைக்குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் மெலிந்துவிட்டது. அரசு வேலை கிடைத்து, மலைமேல் செம்மேட்டில் ஓர் அலுவலகத்துக்கு வந்தவள், கொல்லிமலைக்காரனான என்னைக் கட்டிக்கொண்டு மேலேயே தங்கிவிட்டாள். வாழவந்தி நாட்டில் எங்கள் வீடு; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. மிளகு, கொஞ்சம் காப்பி, சரிவில் மரவள்ளி. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

கல்யாணமானதிலிருந்து காலையில் அவளை என் பைக்கில் ஆபீசில் கொண்டுபோய் விடுவேன். மாலையில் போய்க் கூட்டி வருவேன். அவள் ஒருபக்கமாக உட்கார்ந்து ஊன்றுகோலை எங்கள் இருவருக்கும் நடுவில் செருகிக்கொள்வாள். ஆபீசில் நடந்தது, அவள் அம்மா போனில் சொன்னது, எந்த மரத்தில் பலா பழுத்திருக்கிறது என்பது வரை எல்லாப் பேச்சும் அந்த வழியில்தான். வீட்டுக்குள் வந்துவிட்டால் ஆளுக்கொரு வேலை. எங்கள் குடும்பம் பெரும்பாலும் அந்த ரோட்டில்தான் நடந்தது என்று சொன்னால் தப்பில்லை.

ஸ்கூட்டர் வந்ததும் அது நின்றுபோயிற்று. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம் சேர்த்துக் கட்டிய வண்டி. எண்ணினால் நான்கு வரும்; ஆனாலும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் அது மூணு சக்கர வண்டிதான். முதல் நாள் காலையில் அவள் அதை ஓட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். நான் பழக்கத்தில் பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாலையில் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். பையில் கொய்யாப்பழம் இருந்தது.

“எங்க போயிட்டு வார?” என்று கேட்டேன்.

“சோளக்காட்டுச் சந்தைக்குங்க. சும்மா போனேன்.”

அந்தச் ‘சும்மா’ எனக்குள் எங்கோ தைத்தது. அதுவரை அவள் எங்கேயும் சும்மா போனதில்லை. போக வேண்டுமென்றால் என்னிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அவள் முகம் வெயிலில் சிவந்து, நன்றாக இருந்தது. நான் கொய்யாவைத் தின்னவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அப்படியே இரண்டு மழைக்காலம் போனது. பிறகு அவளுக்கு நாமக்கல்லுக்கு மாற்றல் வந்தது. வாரத்தில் வேலை நாட்களில் கீழே தன் அம்மா வீட்டில் தங்குவது, சனி ஞாயிறு மேலே வருவது என்று முடிவு செய்தோம். பஸ்ஸில் அவள் போய்வரலாம். வண்டியை எப்படிக் கொண்டுபோவது? ஊர் முழுக்க எழுபது கொண்டை ஊசி வளைவு என்று பெருமையாகச் சொல்கிற மலை ரோடு அது.

ஓட்டியே இறக்கிப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பினாள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனாள். செங்குத்தாக இறங்கித் திரும்புகிற ஒரு வளைவில், உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பியதைப் பார்த்தேன். அவள் பிரேக் பிடித்து எப்படியோ நிறுத்திவிட்டாள். என் பைக்கை ஓரமாக நிறுத்தி, ஒரு கல்லை எடுத்து அவள் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். அதற்குள் அவள் காதில் போன் இருந்தது.

“ஆமாங்க சார், தூக்கிடுச்சு… இல்லீங்க, அடி ஒண்ணும் இல்லீங்க… உடம்ப உள்பக்கமா போடணுங்களா? சரிங்க… சரிங்க.”

நான் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி நின்றேன். போனை வைத்துவிட்டு, “வண்டி சாயாதில்லீங்க, அதனால வளைவுல நாமதான் சாயணும்னு சொல்றாருங்க” என்றாள்.

அவர் நாமக்கல்லில் வேறொரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் அவளுக்குப் பழக்கமானவர். அவருக்கும் இளம்பிள்ளைவாதம், வலது கால். ஸ்கூட்டர் கூட இல்லை, பெரிய மோட்டார் சைக்கிளுக்கே பக்கச் சக்கரம் கட்டி ஓட்டுகிறவர். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். பயந்துபோன நேரத்தில், பத்தடி பின்னால் நான் இருக்கும்போது, அவள் கை அவர் எண்ணைத் தேடியது என்பது மட்டும் அன்றுதான் தெரிந்தது. அதில் நியாயம் இருந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து நான் பைக் ஓட்டுகிறேன். என் திறமையெல்லாம் வண்டியைச் சாய்ப்பதில்தான். சாயாத வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் நியாயம் இருந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

வண்டியைத் திருப்பி மெல்ல மேலே ஏற்றிக்கொண்டு வந்தோம். அடுத்த வாரம் ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்குப் பிடித்தோம். நாலு பேர் சேர்ந்து ஸ்கூட்டரைத் தூக்கி ஏற்றினார்கள். அவள் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, “அக்கா எங்கீங்க எறங்கோணும்?” என்று கேட்டார். அவள் அங்கேயே நிற்கிறாள். கேள்வி என்னிடம். அன்று முழுக்க அவள் முகம் இறுகியே இருந்தது.

“வாராவாரம் இது எனக்கு ஆகாதுங்க” என்றாள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். “வண்டி கீழயே இருக்கட்டும். சனி ஞாயிறுல எங்க போகோணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன். முந்தி போன மாதிரியே.”

சொல்லும்போதே என் குரலில் ஒரு நைச்சியம் இருந்தது எனக்கே கேட்டது. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“வண்டி கீழ இருந்தா, நான் இங்க வந்து ஊட்ல உக்காந்திருப்பேனுங்க. அவ்வளவுதான்” என்றாள்.

டிரெய்லர் யோசனை போனில் பேசிய அவரிடமிருந்துதான் வந்தது. எங்களிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. மிளகும் வாழைத்தாரும் சந்தைக்கு இறக்க வைத்திருப்பது. அதன் பின்னால் கொக்கி போட்டு, ஸ்கூட்டரை ஏற்றுகிற மாதிரி சின்ன டிரெய்லர் ஒன்று இழுத்துக்கொண்டால் போதும் என்று அவர் சொன்னாராம். தன் காருக்குப் பின்னால் அவரும் அப்படி ஒன்று வைத்திருந்தாராம்.

அதன்பிறகு மாலை நேரங்களில் அவர்கள் போனில் டிரெய்லர் பற்றிப் பேசினார்கள். நான் வாசலில் வேலையாக இருப்பது போல இருப்பேன். அகலம், உயரம், சக்கரம் என்று தொடங்கும் பேச்சு வேறு எங்கோ போய்விடும். ஒருநாள் செருப்பைப் பற்றிப் பேச்சு. வாதம் வந்த காலின் பாதம் சின்னது என்பதால் இவர்கள் இருவருமே ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றில் ஒன்றைத் தூக்கி எறிகிறவர்கள். “உங்களுக்கு வலது வேஸ்ட், எனக்கு இடது வேஸ்ட். சேந்து வாங்குனா ஒரு கடைக்காரன் பொழப்பையே கெடுத்துடலாங்க சார்” என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வருகிற சிரிப்பு. என்னோடு அவள் சிரித்ததில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மாதிரிச் சிரிப்பு எங்களுக்குள் வந்ததே இல்லை. வீட்டில் அந்த எறிகிற செருப்புகளைக் குப்பையில் போடுவது நான்தான். அதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். என் மனைவி அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாள். சந்தேகமாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். எனக்கு வந்தது பொறாமை. அவரிடம் இருப்பதில் என்னிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது அந்த மெலிந்த கால்.

டிரெய்லர் பார்க்க நாமக்கல்லுக்குப் போனோம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற ரோட்டில் ஒரு பட்டறையில் சின்ன டிரெய்லர்களும் செய்வார்கள் என்று அவர்தான் விசாரித்து வைத்திருந்தார். நாங்கள் ஜீப்பை நிறுத்தும்போது அவருடைய மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது. கறுப்பு வண்டி, துடைத்துப் பளபளவென்றிருந்தது. அவர் இறங்கிய விதத்தைப் பார்த்தேன். ஊன்றுகோலை முதலில் தரையில் ஊன்றி, நல்ல காலைச் சுழற்றி, இடுப்பால் தன்னைத் தள்ளி நிமிர்ந்தார். என் மனைவி ஜீப்பிலிருந்து இறங்குவதும் அச்சு அசல் அதே மாதிரிதான்.

“வாங்க. இத்தன நாளா போன்லயே கேள்விப்பட்டுட்டு இருந்தேன், இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். அது வேறு எரிச்சல்.

பட்டறைக்குள் நடந்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். நானும் அவளும் நடந்தால் நான் நாலு எட்டு முன்னால் போய்விடுவேன். பிறகு நின்று திரும்பிப் பார்ப்பேன். அவள் வந்து சேர்ந்ததும் மறுபடி நடப்பேன். அதுதான் எங்கள் நடை. அன்று அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேகத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள். யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. நான்தான் முன்னால் போய் ஒரு இரும்புக் குவியல் பக்கத்தில் தனியாக நின்றேன்.

பட்டறைக்காரர் மூன்றைக் காட்டினார். முதலாவது, டிராக்டருக்குப் பூட்டுகிற மாதிரி உயரமான பெட்டி. சுற்றிலும் தகடு அடித்துக் கனமாக இருந்தது. இரண்டாவது யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. சாதாரண பைக் ஏற்றுவதற்காக நடுவில் ஒரே ஒரு குழி வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர் அதைப் பார்த்ததுமே, “பக்கச் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல நிக்கும்” என்று தள்ளிவிட்டார். மூன்றாவது தாழ்வான தட்டு. ஒரே அச்சில் இரண்டு சக்கரம். பட்டறைக்காரர் முன்பக்கத்தில் ஒரு ஆணியை உருவினார். தட்டின் பின்முனை இறங்கித் தரையைத் தொட்டது.

“வண்டிய அப்படியே ஓட்டி மேல ஏத்துங்க. பாதிக்கு மேல போனதும் எடைக்குத் தானா சமமாயிரும். ஆணியப் போட்டா முடிஞ்சது” என்றார்.

ஸ்கூட்டர் அவள் அம்மா வீட்டில் இருந்தது. அதனால் அவர் தன் மோட்டார் சைக்கிளையே கொடுத்து, “மேடம், ஏத்திப் பாருங்க” என்றார். அவள் அதில் ஏறி, குனிந்து கையாலேயே கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகி, தட்டின் மேல் போனாள். தட்டு ஒருகணம் யோசித்துவிட்டு, டக்கென்று மட்டமாக அமர்ந்தது. அவள் உயரத்தில் உட்கார்ந்தபடி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். யாரும் தூக்கவில்லை, யாரும் தள்ளவில்லை.

“எறங்கறப்ப கை புடிக்க ஒண்ணுமில்லீங்க சார்” என்றாள் அவரிடம்.

“அதான் சொல்ல வந்தேன். இந்த ஓரத்துல இடுப்பு உசரத்துக்கு ஒரு பைப் வெச்சுரலாம். கோலச் செருகறதுக்கும் ஒரு வளையம்.”

அவர் சொல்லச் சொல்லப் பட்டறைக்காரர் சாக்பீஸால் இரும்பில் குறி போட்டார். அந்தப் பைப்பை நான் யோசித்திருக்க மாட்டேன். அவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் யோசித்திருக்க மாட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு எது புடிச்சிருக்குங்க?”

“அந்தப் பெட்டி” என்றேன்.

“ஏனுங்க?”

“கெட்டியா இருக்கு.”

“அதுல ஏத்தறதுக்கு நாலு பேர் வேணுமே.”

“நான் இருக்கறேனில்ல.”

பட்டறைக்காரர் சாக்பீஸைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர், நாசூக்காக, தன் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைச் சரிசெய்யத் தொடங்கினார். நான் விடவில்லை. தாழ்வான தட்டு எங்கள் மலைக்கு உதவாது, வளைவுகளில் ரோடு ஒருபக்கமாக எழும்பியிருக்கும், மழைத்தண்ணீர் ஓடக் குறுக்கே பள்ளம் இருக்கும், அடி தட்டும் என்று அடுக்கினேன். பாதி உண்மை. பாதி, அவர் வாயை அடைக்கச் சொன்னது.

அவர் யோசித்துவிட்டு, “அது எனக்குத் தெரியலீங்க. நமக்கு வெறும் சமவெளி ரோடுதான். நீங்க சொல்றதுதான் சரி” என்றார். பிறகு பட்டறைக்காரரிடம், “அடியில ஸ்பிரிங் பட்டைய மாத்திக் கொஞ்சம் தூக்கிக் குடுங்க” என்றார். வாதாடுவார், தோற்கடிக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் இப்படி எளிதாக விட்டுக்கொடுத்தது தோற்றதைவிட மோசமாக இருந்தது. அவள் அந்தத் தாழ்வான தட்டையே எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது சேந்தமங்கலம் தாண்டினோம். அதற்குப் பிறகு அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“நீங்க இல்லாத நாள்லயும் நான் ஏறணும், எறங்கணும். அதுக்காகத்தான் அத எடுத்தேன்.”

“அவரு இருப்பாரில்ல” என்றேன். வாயிலிருந்து விழுந்துவிட்டது.

காரவள்ளியில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், ஜீப்பை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள்.

“அவருகிட்ட பேசறப்ப நான் எதையும் விளக்க வேண்டியதில்லீங்க. ஏன் லேட்டாச்சு, ஏன் அந்த நாற்காலி வேண்டாம்ங்கறேன், ஏன் கல்யாண ஊட்டுக்கு வரலீங்கறேன், ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவருக்கே தெரியும். உங்ககிட்ட எல்லாத்துக்கும் காரணம் சொல்லணும். அது உங்க தப்பில்ல. ஆனா சலிப்பா இருக்கு.”

“அப்ப எங்கிட்ட என்னதான் பேசுவ?”

“அது இல்லாத மத்ததெல்லாம் உங்ககிட்டத்தானுங்களே பேசறேன்.”

அவள் என்னைச் சமாதானப்படுத்த முயலவில்லை. அவர் ஒன்றுமில்லை, நீங்கள்தான் எல்லாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றே குளிர்ந்திருப்பேன். அவள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. முதல் கியர் போட்டு ஏறத் தொடங்கினேன்.

பதிவு வேலையெல்லாம் முடிந்து டிரெய்லர் கைக்கு வந்தபோது மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை ஸ்கூட்டரை அதில் ஏற்றி மேலே கொண்டுவந்தோம். முதல்முறையாக அதோடு இறங்கிய திங்கட்கிழமை விடிகாலையை நான் மறக்க மாட்டேன். அவளே ஓட்டி ஏற்றினாள், அந்தப் பைப்பைப் பிடித்து இறங்கினாள், ஸ்கூட்டரைப் பிணைக்கும் பட்டைகளை இழுத்துக் கட்டினாள். எனக்கு ஜீப் ஓட்டுவது மட்டும் வேலை. அதையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று இருந்தேன். மேலிருந்து நாலைந்து வளைவுதான் இறங்கியிருப்போம், எதிரே முதல் பஸ் ஏறி வந்தது. இடமில்லை. நான் பின்னால் எடுக்க வேண்டும்.

டிரெய்லரோடு பின்னால் எடுத்துப் பழக்கம் இல்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகிறது. அவசரத்தில் சரிசெய்யப் போனால் இன்னும் மடங்குகிறது. கடைசியில் ஜீப்பும் டிரெய்லரும் ரோட்டுக்குக் குறுக்கே முழங்கை மாதிரி மடங்கி நின்றன. பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, “நிதானமா எடுங்கண்ணா, அவசரமில்ல” என்றார். பஸ்ஸுக்குள் எனக்குத் தெரிந்த முகங்கள் வரிசையாக ஜன்னலில் தெரிந்தன.

அவள் இறங்கி, கோலை ஊன்றிப் பின்னால் போய் நின்றாள்.

“கொஞ்சம் முன்னால போய் நேராக்குங்க. இப்ப கைய ஸ்டியரிங்குக்கு அடியில வெச்சுக்கங்க. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கைய நகத்துங்க. கொஞ்சமா.”

செய்தேன். டிரெய்லர் பசுமாடு மாதிரி சொன்னபடி போனது. பஸ் எங்களை உரசாமல் கடந்து போயிற்று. அவள் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன்.

“இது யார் சொல்லிக் குடுத்தது?”

அவள் தயங்கவில்லை. “சார்தான். தேவைப்படும்னு சொன்னாருங்க.”

உயிர் பிழைத்த நிம்மதி ஒருபக்கம். இன்னொரு பக்கம், என் ஜீப்புக்குள் என் ஸ்டியரிங்கில் கூட அவருடைய கை இருக்கிறதே என்று ஒரு கசப்பு. நாமக்கல் போகும்வரை நான் கையை ஸ்டியரிங்கின் மேல்பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

வாராவாரம் போய்வரப் பழகிவிட்டது. பறிப்பெல்லாம் முடிந்த ஒரு சமயம், அவர் ஒருமுறை மலைக்கு வர வேண்டும் என்கிறார் என்று அவள் சொன்னாள். மேலே வந்து தன் மோட்டார் சைக்கிளிலேயே நாடு நாடாகச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். அவர் தன் டிரெய்லரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். காரவள்ளிவரை ஓட்டி வந்துவிடுவார். அங்கிருந்து நம் டிரெய்லரில் ஏற்றி வர முடியுமா என்று கேட்டாராம்.

“முடியும்னு சொல்லிட்டேனுங்க” என்றாள்.

போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை காரவள்ளியில் அவர் தன் வண்டியைத் தானே ஏற்றி, தானே கட்டினார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உற்சாகமாகப் பேசத் தொடங்கினார். சில வளைவுகள்தான். பேச்சு குறைந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. இவருக்கும் ஆகாதது ஒன்று உண்டு. இன்னும் சில வளைவுகள் ஏறியதும், நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் ஊற்றினேன். பையிலிருந்த எலுமிச்சையைக் கிள்ளி முகரக் கொடுத்தேன். நல்ல காலில் மட்டும் எடையைப் போட்டு அவர் குனிந்திருந்தார். அந்தத் தொடை வெடவெடவென்று நடுங்கியது. என் சந்தோஷம் அங்கே கொஞ்சம் அசிங்கமாகிப் போனது.

மேலே சமமான ரோட்டில் அவர்கள் இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் போயின. நான் பைக்கில் பின்னால். அவர்கள் வேகத்துக்கு என் பைக் நிற்காது. அடிக்கடி காலை ஊன்ற வேண்டியிருந்தது. முந்திப் போகச் சொல்லி அவள் கையைக் காட்டினாள். நான் போகவில்லை. மலைவிளிம்பில் ஒரு காட்சிமுனைக்குப் போனோம். மேலே ஏறப் படிகள். அவர்கள் இருவரும் படிகளை ஒரு பார்வை பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஒரே சமயத்தில் திரும்பி, ஓரத்திலிருந்த சின்னப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள்.

“நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

போனேன். எனக்கு அந்தப் படிகள் ஒரு பொருட்டே இல்லை. மேலே நின்றால் சமவெளி முழுக்கத் தெரியும். அன்று புகை மாதிரி மூடியிருந்தது. நான் அதையா பார்த்தேன்? கீழே அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த இரண்டு முதுகுகளைத்தான் பார்த்தேன். காலை நீட்டிக்கொண்டு, அவரவர் இடுப்பைக் கையால் அழுத்திவிட்டுக்கொண்டு, பேசாமல் இருந்தார்கள். இரண்டு நல்ல கால்களோடு மேலே நிற்பது எனக்குத் தண்டனை மாதிரி இருந்தது.

சாப்பாடு முடிந்து, வெயில் சாய்வதற்கு முன்பே அவரை இறக்கிக் கொண்டுபோனேன். இந்தத் தடவை எலுமிச்சையைக் கையிலேயே வைத்திருந்தார். வண்டியை மெதுவாக விட்டேன். பாதி மலை இறங்கியபோது கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. காலையில் நடுங்கிய அந்தத் தொடைதான் காரணமாக இருக்கும்.

“ஏனுங்க, உங்களுக்கு வலிக்குமுங்களா?”

அவர் என் கேள்வியைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “வலிக்கும். ஆனா அந்தக் கால் இல்லீங்க. நல்ல கால்தான். ரெண்டு கால் வேலைய ஒண்ணு செய்யுதில்ல. முட்டி, அப்புறம் இடுப்பு. குளிர்ல ரொம்ப.”

எங்கள் வீட்டில் வருஷத்தில் பாதி குளிர்தான். “அவளுக்கும் அப்படித்தான் இருக்குமுங்களா?” என்றேன்.

அவர் எலுமிச்சையை ஒருமுறை முகர்ந்தார். “எங்கிட்ட கேட்டா என் கால் தெரியுமுங்க. அவங்க கால் எனக்கு எப்படித் தெரியும்? அவங்ககிட்டயே கேளுங்க.”

எல்லாம் தெரிந்தவர் என்று நான் நினைத்திருந்த ஆள் அப்படிச் சொன்னார். காரவள்ளியில் தன் வண்டியை இறக்கி, எனக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலை ஏறினேன். பாரம் இல்லாததால் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் கீழே உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டாருங்களா? மறுபடி வாந்தி எடுத்தாரா?”

“இல்ல.” அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். “உனக்கு வலது கால் வலிக்குமா?”

கத்தி நின்றது. “யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. கேக்கறேன்.”

“இத்தன வருஷம் கழிச்சா?” என்றாள். கோபம் இருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஒரு கிழங்கை முழுக்க உரித்துத் தண்ணீரில் போட்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். காலையில் எழுந்ததும் முதல் சில எட்டு எப்படி இருக்கும், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், மழைநாளில் ஆபீஸ் தரை ஈரமாக இருந்தால் என்ன பயம், என் பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போன அந்த வருஷங்களில் இடுப்பு எப்படிக் கடுத்தது. கடைசியில் சொன்னது எனக்கு அடி. கிழங்கு முழுவதும் தீர்ந்துபோனது. அவள் கையைக் கழுவவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள்.

“வெந்நீர் ஒத்தடத்துல கல்லுப்பு போட்டா நல்லா கேக்குதுங்க. சார்தான் சொன்னாரு” என்றாள் நடுவில்.

சுருக்கென்றது. பழைய இடத்திலேயே, பழைய மாதிரியே. எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.